அஞ்சறைப்பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியார் மீன் கறி வைத்தால் வாசம் லிஃப்ட் வரை வரும். அதே கறித்தூள், அதே மீன்தான். நான் வைத்தால் காரமும் பச்சை வாடையும் மட்டும் வருகிறது. தூளைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, பாதித் தப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். முதலில் அந்தப் போத்தலை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

மல்லி, சீரகம், சோம்பு எல்லாவற்றிலும் மணம் என்பது எளிதில் ஆவியாகிற எண்ணெய். முழு விதையாக இருக்கும்வரை உள்ளே அடைபட்டுக் கிடக்கும். அரைத்த நேரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிவிடும்; சூடும் வெளிச்சமும் பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். மிளகாயின் காரம் அப்படி ஆவியாகாது. அதனால்தான் மணம் போன பிறகும் காரம் மட்டும் உங்கள் போத்தலில் உட்கார்ந்திருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் என் அப்பா மசாலை அரைக்கும் மில் வைத்திருந்தார். "மல்லி புதுசா?" என்று யாராவது கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார். மூன்று மல்லியை அவர்கள் உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் நசுக்கச் சொல்வார். நல்ல மல்லியாக இருந்தால் எலுமிச்சைத் தோல் கிள்ளியது போல ஒரு வாசம் எழும். உங்கள் தூளிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வைக்கோல் வாசம்தான் வருகிறதென்றால் அதை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். அடுத்த முறை இரண்டு மூன்று வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்து, இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள்.

மீதித் தப்பு தாளிப்பில் இருக்கலாம். கடுகு வெடித்து அடங்கியதும் வெந்தயம் கால் தேக்கரண்டி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பக்கத்திலேயே நில்லுங்கள், கைப்பேசியைத் தொடாதீர்கள். மஞ்சள் வெந்தயம் தேன் நிறத்துக்கு வரும்போது சீனிப்பாகு முறுகுகிற மாதிரி ஒரு வாசம் மூக்கில் ஏறும். அந்த நொடியில் வெங்காயத்தைக் கொட்டிவிட வேண்டும். கருஞ்சிவப்பாகிவிட்டால் கறி முழுக்கக் கசக்கும். எவ்வளவு தேங்காய்ப்பால் ஊற்றினாலும் போகாது.

வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கிய பிறகு, தூளைத் தண்ணீரில் குழம்பாகக் கரைத்து எண்ணெயில் ஊற்றுங்கள். வறண்ட தூளை அப்படியே போட்டால் தீய்ந்துவிடும். சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்து வரும். நம் மலாய்ச் சகோதரிகள் 'பெச்சா மின்யாக்' என்பார்களே, அதுதான். இந்த மணமெல்லாம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெய் பிரியுமுன் புளியை ஊற்றினீர்களானால் பச்சை வாடை கறியிலேயே தங்கிவிடும். உங்கள் மாமியார் அந்தப் பத்து நிமிடம் கரண்டியைக் கீழே வைக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் பாண்டான் இலை போட்டும் மணக்கவில்லை. கடையில் விற்கிற பச்சை எசன்ஸ் ஊற்றலாமா?
- ஒரு வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: வேண்டாம் தம்பி. பாண்டானும் பாஸ்மதி அரிசியும் மணப்பது பெரும்பாலும் ஒரே பொருளால்தான். 2-அசிட்டைல்-1-பைரோலின் என்று பெயர். எசன்ஸில் எனக்குத் தெரிவது வெறும் இனிப்பு வாசம், சோற்று வாசம் இல்லை. அடிப்பக்கத்து முற்றிய இலையாக மூன்று எடுத்து, நுனியைப் பிடித்து நீளவாக்கில் இரண்டு கிழி கிழித்து, முடிச்சுப் போட்டு, அரிசியும் தேங்காய்ப்பாலும் கொதிக்குமுன்பே உள்ளே போட்டுவிடுங்கள். கிழிக்காத இலை அவ்வளவாக மணக்காது.

கேள்வி: என் மருமகள் பினாங்குச் சீனப் பெண். ஆசாம் லக்சாவுக்கு (புளிப்பு மீன் நூடுல்ஸ்) வாங்கிய புங்கா காந்தானில் ஒன்று மிஞ்சியது. "அம்மா, இதை ரசத்தில் போடலாமா?" என்று கேட்கிறாள். போடலாமா?
- ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கேட்ட பிள்ளைக்கு முதலில் ஒரு முத்தம் கொடுங்கள் அக்கா! தாராளமாகப் போடலாம், நானே போட்டிருக்கிறேன்.

அது இஞ்சிக் குடும்பத்துப் பூமொட்டு. ஆனாலும் இஞ்சி போலக் காந்தாது. நாரத்தை இலையைக் கசக்கியது போல ஒரு புளிப்பு மணம். வெளி இதழ் இரண்டை எடுத்துவிட்டு, குறுக்குவாட்டில் தாள் போல மெல்லியதாகச் சீவுங்கள். ரசம் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டுத் தூவி, மூடி வையுங்கள். கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அன்றைக்குப் பெருங்காயம் மட்டும் வேண்டாம். இரண்டும் ஒரே சட்டியில் இருந்தால் பெருங்காயம்தான் நிற்கும், பூ தோற்றுவிடும்.

இன்னொன்றும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ரசத்தில் புளிக்குப் பதிலாக, லக்சாவில் போடுகிற ஆசாம் கெப்பிங் இரண்டு துண்டு போடட்டும். பேரில் ஆசாம் (மலாயில் புளி) இருந்தாலும் அது நம் புளியங்காய் இல்லை, கேரளத்துக் குடம்புளியின் உறவு. பழத்தைச் சீவிக் காய வைத்தது. ரசத்தைக் கலக்காது, கறுக்காது. தெளிந்த புளிப்பில் பூவின் மணம் தனியாகத் தெரியும்.

கேள்வி: ஜாதிக்காய்த் தூள் வாங்கலாமா, முழுதாக வாங்கலாமா?
- ஒரு வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஜாதிக்காய் விளைகிற பாலிக் பூலாவ் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது தூள் எதற்கு? ஓட்டோடு வாங்குங்கள். காதருகே குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடினால்தான் நன்றாகக் காய்ந்தது. தேவைப்படும்போது ஓட்டை உடைத்து, துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் ஒரு பானைப் பாயசத்துக்குப் போதும். நிறையப் போட்டால் உடம்புக்கு ஆகாது, தலை சுற்றும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.