அன்டார்டிகா மீனும் அல்சூர் மீனும்

கேள்வி: பனி உறையும் அன்டார்டிகா கடலில்கூட மீன்கள் சுகமாக வாழ்கின்றன. நம் அல்சூர் ஏரியில் கொஞ்சம் சாக்கடை கலந்தாலே செத்து மிதக்கின்றன. இந்த ஊர் மீன்களுக்குப் பழகிக்கொள்ளும் திறமை இல்லையா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: 'கொஞ்சம்' சாக்கடை என்று எழுதிய உங்கள் தாராள மனசு வாழ்க!

அன்டார்டிகா கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வரை குளிரும். அங்குள்ள மீன்களின் ரத்தத்தில் சர்க்கரை சேர்ந்த ஒரு புரதம் இருக்கிறது. உடம்புக்குள் புகும் பனித்துகளை ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது. 1960களில் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் டெவ்ரீஸ் கண்டறிந்தது இது. அந்த மீன்களில் சில, 6 டிகிரியிலேயே செத்துப்போகும். நம் ஊர் மார்கழிகூட அவற்றுக்கு அக்னி நட்சத்திரம்தான். அங்கேயே 'பனிமீன்' என்றொரு வகைக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபினே கிடையாது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும் என்பதால் பிழைப்பு ஓடுகிறது.

அல்சூரில் தீர்ந்துபோவது அந்த ஆக்சிஜன்தான். சாக்கடைக் கழிவைத் தின்று பெருகும் பாக்டீரியா அதை உறிஞ்சிவிடும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் ராத்திரியில் தன் பங்குக்கு இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளப்பது அதனால்தான். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கியதை ஏரிக்கரைக்காரரான நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் கேட்கும் திறமை விரால், சில வகைக் கெளுத்தி, பனையேறிக்கு உண்டு. நேரே காற்றைச் சுவாசிக்க அவற்றுக்குத் தனி உறுப்பு இருக்கிறது. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் செவுளை விட்டால் வேறு வழியில்லை.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரக் கழிமுகங்களில் கில்லிமீன் என்ற சின்ன மீன் சில பத்தாண்டுகளிலேயே ஆலைக்கழிவு நச்சைத் தாங்கப் பழகியது உண்மை. ஆனால் எந்த மீனும் அங்கே நம் ஊர்க் கன்னடத்தில் சொல்வதுபோல் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட்' (கொஞ்சம் அனுசரிப்பு) செய்துகொள்ளவில்லை. தாங்காதவை செத்தன, தாங்கியவை முட்டையிட்டன. எண்ணிக்கையும் மிக அதிகம், மரபணு வேறுபாடும் முன்பே ஏராளம். அதனால் இனம் தப்பியது. பண்ணையில் குஞ்சு வாங்கி ஏரியில் விட்டு, வளர்ந்ததும் வலை போட்டு அள்ளிவிடும் கட்லாவுக்கு அங்கே தலைமுறை ஏது, பழகிக்கொள்ள?