ஃபின்மார்க்கில் இரண்டு முன்பள்ளிகள்

அன்புள்ள தங்கைக்கு,

கணவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, வட நோர்வேயின் ஃபின்மார்க் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றுக்கு வந்திருப்பதாகவும், அங்குள்ள இரண்டு கொம்யூன் (உள்ளூராட்சி) முன்பள்ளிகளில் எதில் இரண்டு வயது மகனைச் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இதே கரையில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

கட்டணத்தை வைத்து ஒப்பிடத் தேவையில்லை. 2023 ஆகஸ்டு முதல் ஃபின்மார்க்கிலும் அதை அடுத்த வட துரொம்ஸிலும் பார்னஹாகெ, அதாவது முன்பள்ளி, இலவசம்; சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு தொகை கேட்பார்கள். கற்பிக்கும் முறைக்கான வழிகாட்டல் நாடு முழுவதற்கும் ஒன்றே. மூன்று வயதுக்கு உட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அந்த வயதுக்கு மேற்பட்ட ஆறு பேருக்கு ஒருவர் என்ற விதியும் இரண்டுக்கும் பொது.

வேறுபாடு அங்கே வேலை செய்பவர்களில்தான் இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் அந்தத் தகுதி இல்லாதவரையும் தற்காலிக விலக்குடன் பொறுப்பில் அமர்த்தக் கொம்யூனுக்கு அனுமதி உண்டு. என் மூத்தவள் போன முன்பள்ளி புதிய கட்டடம், அழகான விளையாட்டுத் திடல். ஆனால் ஒரே ஆண்டில் மூன்று பொறுப்பாசிரியர்கள் மாறினார்கள். ஒருவரோடு பழகி அவர் மடியில் ஏறத் தொடங்கும்போது அவர் போய்விடுவார். பிள்ளை பல கிழமைகள் உள்ளே போயும் தொப்பியைக் கழற்ற மறுத்து, கதவைப் பார்த்தபடியே இருந்தாள்.

இளையவனை மேட்டில் இருந்த பழைய மரக் கட்டடத்துக்கு அனுப்பினோம். பிள்ளைகள் குறைவு, எல்லா வயதினரும் ஒரே பிரிவில். அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்த உதவியாளர் ஒருவர், "தண்ணி", "நோகுது", "அம்மா வருவா" என்ற சொற்களை என்னிடம் கேட்டு, நோர்வேஜிய எழுத்தில் எழுதி, நாப்பி மாற்றும் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார். அந்தத் தாளை இன்றும் நான் மறக்கவில்லை. உங்கள் மகனின் வயதுக்கு இப்படிப்பட்ட சிறிய இடமே நல்லது என்பது என் எண்ணம். ஒத்த வயதுத் தோழர் குறைவே என்று கவலைப்பட வேண்டாம். ஆறு வயதில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பாடசாலையில்தான் சேரப் போகிறார்கள்.

ஆகவே இரண்டு இடங்களிலும் தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள், எத்தனை பேர் நிரந்தரமானவர்கள், மகனின் பிரிவுக்குப் பொறுப்பானவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்று. இங்கே இதை யாரும் குறையாக எடுப்பதில்லை. பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்தில் போய்ப் பாருங்கள். அழும் பிள்ளையிடம் யார் குனிகிறார்கள், நனைந்த கையுறையை யார் கவனித்து மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகள் குளிரில் தள்ளுவண்டிக்குள் தூங்குவதைக் கண்டு பதற வேண்டாம். நன்றாகப் போர்த்தி, அடிக்கடி வந்து பார்ப்பார்கள்.

பெரும்பாலான கொம்யூன்களில் ஆகஸ்டுச் சேர்க்கைக்கு மார்ச் 1 கடைசி நாள் என்றாலும், இடையில் இடம் இருந்தால் கொடுப்பார்கள், இன்றே விண்ணப்பியுங்கள். முதல் சில நாட்கள் நீங்களும் கூட இருக்க வேண்டும் என்பதால், கணவரோ நீங்களோ வேலையிடத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கம்பளி உள்ளாடை இரண்டு சோடி வாங்கி, எல்லாவற்றிலும் மகனின் பெயரை எழுதிவிடுங்கள்.