'கிவன் மீ பை': நடுவில் இருந்த 'டு' எங்கே போனது?

கேள்வி: 'எ லெட்டர் சென்ட் மீ பை மை அங்கிள்' என்று ஒரு பழைய கதையில் படித்தேன். 'சென்ட் டு மீ' என்றுதானே இருக்க வேண்டும்? அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 'மாமா எனக்கு அனுப்பிய கடிதம்' என்பதுதான் பொருள். நம்முடைய 'கு' உருபு அந்த 'மீ'க்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலத்திலும் வேற்றுமைக்கு ஏற்பச் சொல்லின் வடிவம் மாறும். அப்போது 'ஹிம்' என்றால் 'அவனுக்கு'. 'அவனை' என்று சொல்ல 'ஹினே' என்று தனி வடிவம் இருந்தது. பிறகு 'ஹினே' மெல்ல வழக்கொழிந்து, 'ஹிம்' இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்கியது. அதனால்தான் 'ஐ கேவ் ஹிம் எ புக்' என்று எழுதும்போது நாம் 'டு'வைத் தேடுவதில்லை. அதையே செயப்பாட்டு வினையாக்கி, பெயருக்குப் பின்னால் ஒட்டினால் 'எ புக் கிவன் ஹிம் பை மீ' வந்துவிடும்.

1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், யோவான் 19:11இல் 'கிவன் தீ ஃப்ரம் அபவ்' என்று வருகிறது. 'தீ' என்பது 'உனக்கு' என்று பொருள் தரும் பழைய ஆங்கிலச் சொல். அதே யோவானில் 6:65இல் 'கிவன் அன்டு ஹிம்' என்று இருக்கிறது, 'அன்டு' என்றால் பழைய வழக்கில் 'டு'தான். இரண்டு வழக்கும் ஒரே நூலில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. இன்று 'டு' சேர்ப்பதுதான் அதிகம். நீங்கள் எழுதும்போது 'டு' போட்டுவிடுங்கள். படிக்கும்போது மட்டும் இதைப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள், அழகான பழைய வழக்கு அது.

கேள்வி: 'மீ', 'ஹிம்' இருக்கும் இடத்தில் ஆளின் பெயர் வரலாமா? 'தி ரிங் கிவன் மேரி பை ஹெர் மதர்' சரியா?

இலக்கணம் தடுக்காது, காதுக்குத்தான் இடிக்கும். 'மீ', 'ஹெர்' போன்றவை அழுத்தமில்லாத சின்னச் சொற்கள் என்பதால் வினையோடு ஒட்டிக்கொள்கின்றன. பெயர் அப்படி ஒட்டாது. 'கிவன் டு மேரி' என்றே எழுதுங்கள்.

கேள்வி: 'தி மெத்தட் எக்ஸ்பிளெய்ன்ட் மீ பை தி டீச்சர்' என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். 'கிவன் மீ' சரியென்றால் இது ஏன் தவறு?

நம்மில் பலர் விழும் குழி இது. தமிழில் 'எனக்குக் கொடுத்தார்', 'எனக்கு விளக்கினார்', 'எனக்குப் பரிந்துரைத்தார்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'கு' போதும். ஆங்கிலம் வினைக்கு வினை மாறுகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வாக்கியத்தை முதலில் செய்வினையாகச் சொல்லிப் பாருங்கள். 'ஷி கேவ் மீ எ புக்' வருகிறது, எனவே 'கிவன் மீ' வரும். சென்ட், லென்ட், டோல்டு, ஷோன், பெய்ட், ஆஃபர்ட், லெஃப்ட் எல்லாம் இந்த வகை. 'ஷி எக்ஸ்பிளெய்ன்ட் மீ தி மெத்தட்' என்று ஆங்கிலத்தில் இல்லை. அப்புறம் 'எக்ஸ்பிளெய்ன்ட் மீ பை' எங்கிருந்து வரும்? டிஸ்கிரைப், சஜஸ்ட், டொனேட், மென்ஷன் ஆகியவையும் இப்படித்தான், 'டு' கட்டாயம். லத்தீன் வழி வந்த வினைகள் பெரும்பாலும் 'டு' கேட்கும். ஆனால் அதையே விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'கிரான்ட்', 'பே' இரண்டும் 'டு' இல்லாமலும் வரும்.

சோதனையில் தேறினாலும் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'ஹி பாட் மீ எ ஷர்ட்' சரி, ஆனால் 'எ ஷர்ட் பாட் மீ பை ஹிம்' பலருக்கு உறுத்தும். 'எனக்காக' என்ற பொருள் வரும் இடங்களில் 'ஃபார் மீ' போடுவதே நல்லது.

கேள்வி: 'தி கொஸ்டின் ஆஸ்க்ட் டு மீ' என்று எழுதலாமா?

கூடாது. 'என்னிடம் கேட்ட' என்பதில் உள்ள 'இடம்' நம்மை 'டு' போட வைக்கிறது. கேள்வி கேட்கும் 'ஆஸ்க்' ஆளுக்கு முன்னால் 'டு' ஏற்காது. 'தி கொஸ்டின் ஆஸ்க்ட் மீ பை தி ஜட்ஜ்' சரி, 'தி கொஸ்டின் தி ஜட்ஜ் ஆஸ்க்ட் மீ' இன்னும் இயல்பு. மற்ற வினைகளில் 'டு' போடுங்கள் என்று சொன்ன நானே இங்கே மட்டும் விட்டுவிடச் சொல்கிறேன்.

கேள்வி: 'தி பாய்ஸ் கிவன் தெம் பை தி கோச்' என்றால் யாருக்கு யார் என்ன கொடுத்தார்கள்? தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும். இங்கே 'தெம்' பொருளைக் குறிக்கிறது. மட்டைகளைப் பற்றிய பேச்சு என்றால், 'பயிற்சியாளரிடமிருந்து அவற்றைப் பெற்ற பையன்கள்' என்று அர்த்தம். 'தி பேட்ஸ் கிவன் தெம் பை தி கோச்' என்றால் 'பயிற்சியாளர் அவர்களுக்குக் கொடுத்த மட்டைகள்'. 'தெம்' அப்படியே இருக்கிறது, ஒன்றில் 'அவற்றை', இன்னொன்றில் 'அவர்களுக்கு'. 'தி பாய்ஸ் வேர் கிவன் தெம்' என்றும் 'தி பேட்ஸ் வேர் கிவன் தெம்' என்றும் சொல்ல முடிவதால் வரும் சிக்கல் இது. முன்னால் நிற்கும் பெயர் ஆளா பொருளா என்று பாருங்கள், பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். 'இட்' வந்தால் குழப்பமே இல்லை, அது அநேகமாகப் பொருள்தான்.

கேள்வி: 'லெஃப்ட் ஹிம் பை' என்பதும் 'லெஃப்ட் பை ஹிம்' என்பதும் ஒன்றா?

நேர் எதிர். 'தி மனி லெஃப்ட் ஹிம் பை ஹிஸ் வைஃப்' மனைவி அவருக்கு விட்டுச்சென்ற பணம். 'தி மனி லெஃப்ட் பை ஹிம்' அவர் விட்டுச்சென்ற பணம். 'பை'க்குப் பின்னால் நிற்பவர் கொடுத்தவர். வினையை ஒட்டி 'பை' இல்லாமல் நிற்பவர் பெற்றவர்.

கேள்வி: கடைசியில் 'பை'தான் வர வேண்டுமா?

இல்லை. 'தி ஹவுஸ் லெஃப்ட் ஹிம் இன் தி வில்' என்றால் உயிலில் அவருக்கு எழுதிவைத்த வீடு. எழுதிவைத்தவர் யார் என்று சொல்லவே வேண்டியதில்லை.