தலைமைப் பண்பும் ஒரு நோட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிறேன். தலைமை ஆசிரியை அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பொறுப்பு என்னிடம் வரும் போலிருக்கிறது. பிள்ளைகளிடம் பேச்சு தடையில்லாமல் வருகிறது. பெற்றோர் கூட்டத்திலும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையத்திலும் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தலைமைப் பண்பை எப்படி வளர்த்துக்கொள்வது?

– ஓர் இடைநிலை ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்வதற்குக் கையில் சரக்கு இருந்தால் பேச்சு தானாக வரும். ஒரு நோட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நாளைக்கு 5 பிள்ளைகள் போதும். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, இதுவரை படிக்காத நாலு வரியை ஒரு நிமிடம் வாசிக்கவிடுங்கள். திருத்தாதீர்கள். எங்கே தடுக்குகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளைக்கு எழுத்து தெரியாமல் இல்லை. முன்னால் கொம்பைப் பார்த்ததும் பின்னால் நிற்கும் துணைக்காலை விட்டுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒற்றெழுத்துதான் சிக்கல். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இருவரையுமே ‘மொட்டு’ என்ற நடுநிலைக் குழுவில் வைத்திருப்பீர்கள். இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் ஒருவருக்காவது அது வீண்.

அந்த நோட்டோடு தலைமை ஆசிரியையிடம் போங்கள். “நாலு பேர் இப்படித் தடுக்குறாங்க டீச்சர், உங்க நாலாம் வகுப்புலயும் இருக்கா?” என்று கேளுங்கள். குறை சொன்னதாக இராது, இருவருக்கும் பொதுவான வேலையாகிவிடும். பெரியவர்களை வழிநடத்துவது இப்படித்தான் தொடங்குகிறது.

அடுத்து, உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துவேலை கொடுத்து அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்காரவைத்து, 20 நிமிடம் கவனியுங்கள். உங்கள் வகுப்பை அவரும் கவனிக்கட்டும். எதைக் கவனிப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்பது நல்ல தொடக்கம். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடி காத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்று 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். முடிந்ததும் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அறிவுரை கலந்தால் அடுத்த முறை உள்ளே விடமாட்டார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நடவு, களையெடுப்பு நாட்களில் அம்மாக்கள் எப்போது கரையேறுவார்கள் என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுக் கூட்டத்துக்கு மணியைக் குறியுங்கள். சுற்றறிக்கைகளை வாசித்தே அரைமணியைக் கரைப்பதால்தான் கூட்டம் கெடுகிறது. ஒரு விஷயம் எடுங்கள். யார், எந்தத் தேதிக்குள் என்று பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்தை வாசித்தே தொடங்குங்கள்.

இன்னொன்று, இதில் சமரசமே கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த மண் இது. மாதம் ஒருமுறை மணியடித்துப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் சொல்லி எண்ணுங்கள். கணக்கு இடித்தால் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். அங்கே போன பிள்ளைதான் வழக்கமாக விடுபடும். அதைப் போய்ப் பார்ப்பது யார் வேலை என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வெளிக்கதவின் சாவி எங்கே இருக்கிறது என்று சமையல் அம்மாவுக்கும் தெரியவேண்டும்.

குறுவளமையத்துக்கு அந்த நோட்டின் ஒரு பக்கத்தை, பிள்ளையின் பெயரை மறைத்து, படியெடுத்துப் போங்கள். 5 நிமிடம் பேசினால் போதும். “இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு என்ன கொடுப்பீங்க?” என்று கேட்டுவிட்டு, இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள். வந்த யோசனைகளில் ஒன்றை உங்கள் வகுப்பில் செய்து பார்த்து, பலித்ததோ பலிக்கவில்லையோ, அடுத்த கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள்.