அட்டையில் பெயர் இரண்டு, உள்ளே மருந்து ஒன்று

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 61, பத்து வருடமாகச் சர்க்கரை. 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார். கோவை டாக்டர் வேறு மாத்திரை எழுதியிருக்கிறார். போன வாரம் ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போனபோது வியர்த்துக் கொட்டி மயங்கிவிட்டார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் எல்லா அட்டைகளையும் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்து கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. இரண்டு இடத்து மாத்திரையிலும் சர்க்கரையை இறக்கும் 'கிளிமிபிரைடு' என்றிருந்தால், அம்மா ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குகிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை மிகவும் இறங்கித்தான் மயங்கியிருக்கக்கூடும். இன்றே அட்டைகளோடு டாக்டரைப் பாருங்கள். நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: கிளிமிபிரைடு சாப்பாட்டோடு போக வேண்டிய மாத்திரை. சாப்பிடாத வேளையில் அது வேண்டாம். பரிசோதனை நாளென்றால் ரத்தம் கொடுத்து, இட்லி தட்டு முன்னால் வந்த பிறகு போடட்டும். வாந்தி, பேதி நாளிலும் இதேதான். இன்சுலினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை டாக்டரிடம் கேட்டே மாற்ற வேண்டும். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு வெறும் வயிறே தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கோத்தகிரியிலேயே பார்க்கலாம். அதற்காக ஒரு பெரியவரைப் பட்டினியோடு மலையிறக்குவானேன்?

மறுபடி சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வர்க்கி உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. இந்த மாத்திரையால் சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம், தனியே விடாதீர்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

யார் பேச்சு என்றால், அளவை மாற்றுவது ஒரே டாக்டராக இருக்கட்டும். மாதாமாதம் பார்க்க முடிகிறவர் நல்லது. கண், கால், சிறுநீரகம் பார்ப்பவர்கள் கண்டதை ஒரே நோட்டில் எழுதட்டும். ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை இன்னொன்று மதிக்காத ஊரில், அந்த நாற்பது பக்க நோட்டுதான் இவர்களைப் பேச வைக்கும்.

'அதே மருந்துதான்' என்று கடைக்காரர் வேறு அட்டை நீட்டினால் பொடி எழுத்தையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். கல்யாண மண்டபத்தில் 'இலவச முகாம்' போட்டு, ஒரு சொட்டு ரத்தம் பார்த்து, சர்க்கரையை வேரோடு எடுக்கும் பொடி விற்பவரிடம் நோட்டைக் காட்டவே வேண்டாம். அக்கா அடுத்த முறை வரும்போது கோவைச் சீட்டை அவரிடம் காட்டுங்கள். அவர் கையில் இருக்கும் பட்டியலில் அது இருக்காது.