கேள்வி பதில்: கணினி பூச்சிமருந்து கண்டுபிடிக்குமா?

கேள்வி: மூலிகைகளிலிருந்து பூச்சிமருந்தைக் கணினியே கண்டுபிடித்துவிடுகிறது என்று படித்தேன். செடியைப் பார்க்காமலே அது எப்படி முடியும்? நாங்கள் கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்தான் அடிக்கிறோம். இனி அதைவிட நல்லது வந்துவிடுமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முடியும், ஆனால் அது பாதி வேலைதான். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் இம்பாட் என்று ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. நம் நாட்டு மூலிகைச் செடிகள் 4,000, அவற்றில் இருக்கும் வேதிப்பொருட்கள் கிட்டத்தட்ட 18,000, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அத்தனையையும் பிரித்தெடுத்துப் புழுமேல் தெளித்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது, அங்கேதான் கணினி உதவுகிறது.

பூச்சியின் நரம்பில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் செய்தியைக் கடத்தியதும் அதை உடனே சிதைக்க ஒரு நொதி உண்டு. அந்த நொதியில் உள்ள குழியை வேறு ஏதாவது போய் அடைத்துக்கொண்டால் நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி செத்துப்போகும். எந்தச் செடிப்பொருள் அந்தக் குழியில் எவ்வளவு இறுக்கமாக உட்காரும் என்று ஆட்டோடாக் வினா போன்ற இலவச மென்பொருள் கணக்குப் போட்டு வரிசைப்படுத்தித் தரும்.

சரி, அதே நொதி நமக்கும் இருக்கிறதே? இருக்கிறது, பழைய பூச்சிமருந்துகள் பல நம்மையும் தாக்குவது அதனால்தான். 2006ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த யுவான்-பிங் பாங் மலேரியா கொசுவின் நொதியைக் கணினியில் மாதிரியாகக் கட்டிப் பார்த்து, மனித நொதியில் இல்லாத சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலம் அதன் குழியோரம் இருப்பதைக் காட்டினார். அதை மட்டும் குறிவைத்தால் பூச்சிக்கு மட்டும் அடி விழும். கணினி மாதிரியின் உண்மையான பலம் இதுதான் என்பேன்.

இனி உங்கள் வேம்புக்கு வருவோம். புழுவைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்வது அதிலுள்ள அசாடிராக்டின், மூலக்கூறு எடை 720. மாத்திரைகளுக்காக 1997ல் மருந்து வேதியியலாளர் லிபின்ஸ்கி சொன்ன 500 என்ற எடை வரம்பை அப்படியே வடிகட்டியாக வைத்துப் பல ஆய்வுகளை ஓட்டுகிறார்கள், அந்த வடிகட்டியில் போட்டால் அசாடிராக்டின் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும்! அப்புறம், வெயில் பட்டால் அது சிதைந்துவிடும் என்பதும் இறுக்கத்தைக் கணக்கிடும் மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் கணினி போட்ட இறுக்க மதிப்பெண்ணோடு நின்றுபோய், ஒரு புழுவிடமும் சோதிக்காத எதையும் மருந்து என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். உங்கள் கரைசலையே தொடருங்கள்: 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபிறகு அடியுங்கள்.

கேள்வி: செடியிலிருந்து எடுத்தது என்றால் மனிதருக்குக் கெடுதல் இல்லைதானே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படி நம்பவே கூடாது. புகையிலையின் நிகோடினும் செடிப்பொருள்தான், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். டெர்ரிஸ் வேரில் கிடைக்கும் ரோட்டினோன் மீன்களைக் கொல்லும், அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது பார்க்கின்சன் நோய் போன்ற அறிகுறிகள் வந்ததை 2000ல் வெளியிட்டார்கள். புகையிலைக் கரைசல் அடிப்பவர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வயலில் இறங்க வேண்டாம், குழந்தைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.