தோட்டத்து மண் அணை: முதலில் கலங்கலைக் காட்டுங்கள்

ஐப்பசி நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். இரண்டு கரடுகளுக்கு நடுவே ஜேசிபி வைத்து மண்ணைத் தள்ளிச் சொந்தமாக அணை கட்டியவர்களுக்கு, கருமேகத்தைப் பார்த்ததும்தான் கரையின் நினைவே வரும்; உபரி நீர் வழிந்து போக விடும் வாயான கலங்கலின் நினைவு அதற்கும் பிறகுதான். இந்த முறை வந்தவற்றில் ஏழு.

கரையின் வெளிப்புறம் அடியில் ஈரமாக இருந்தது, இப்போது வாய்க்கால் மாதிரி கசிகிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா? (சிறுமலை)

அடைக்காதீர்கள். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். கசியாத மண் கரையை என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. வெளியே அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று கரையை ஊறவைக்கும். பிறகு பலம் குறைந்த வேறோர் இடத்தில் வழி தேடும்.

பார்க்க வேண்டியது நிறத்தை. கசிவை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அசையாமல் வையுங்கள். சற்று நேரத்தில் அடியில் வண்டல் படிந்தால், உங்கள் கரை உள்ளுக்குள் அரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது என்று அர்த்தம். டம்ளரை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. ஒரு காபித் தோட்டத்தில் முதலாளி, "சுத்தமான தண்ணி சார், குடிக்கலாம்" என்று பெருமையாகக் காட்டினார். குனிந்து பார்த்தேன். கைப்பிடி அகலத்தில் ஒரு குழி. அதன் நடுவே மணல், உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. குழியைச் சுற்றி எறும்புப் புற்று போல மணல் வளையம். தண்ணீர் தெளிவுதான், மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவர் பேசவில்லை. அன்று மாலைக்குள் குழியைச் சுற்றிக் கிணற்று உறை போல மணல் மூட்டைகளை அடுக்கி, அதற்குள் தண்ணீரை உயர நிற்கவிட்டோம். எதிர் அழுத்தம் கிடைத்ததும் மணல் ஆட்டம் அடங்கியது. பிறகு மதகைத் திறந்து அணையின் மட்டத்தை இறக்கினோம்.

உங்களுடையது தெளிவாக, மணல் இல்லாமல் வந்தால் பயம் குறைவு. கசியும் இடத்தில் முதலில் ஆற்று மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் கல் என்று பரப்புங்கள். மண் நிற்கும், தண்ணீர் மட்டும் போகும். வாரம் ஒருநாள், ஒரு குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று நோட்டில் எழுதுங்கள். அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால், அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அமெரிக்காவின் ஐடஹோவில் டீட்டன் என்று ஒரு மண் அணை, சுமார் 300 அடி உயரம். 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் அணை போய்விட்டது. அப்போதுதான் அது முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. புதுக் கரைக்காரர்கள் முதல் நிரப்பைப் பிரசவ வார்டு மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர் வரும் பரப்பு 50 ஏக்கர் இருக்கும். உபரி நீர் போக ஒரு அடி விட்டத்தில் இரண்டு ஹியூம் பைப் போட்டிருக்கிறேன். போதுமா? (அந்தியூர்)

போதாது. கணக்கு எளிது. ஓர் ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குலம் மழை பெய்து அத்தனையும் ஓடி வந்தால், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கன அடி. மணிக்கு நாலு அங்குலம் கொட்டி, பாதி நிலத்தில் இறங்கிப் பாதி ஓடி வருவதாக வைத்தாலும் உங்கள் அணைக்கு விநாடிக்கு 100 கன அடி வரும். இரண்டு பைப்பும் முக்கி முக்கி 12, 15 தாண்டாது. மீதி கரைமேல் ஏறும். ஏறினால் மண் கரைக்கு மன்னிப்பே கிடையாது. முதலில் வெளிச்சரிவில் ஒரு கீறல், பிறகு பள்ளம், பிறகு உடைப்பு.

100 கன அடி போக, ஒரு அடி ஆழம் ஓடும் கலங்கலாக இருந்தால் 33 அடி அகலம் வேண்டும். இரண்டு அடி ஆழம் ஓடவிட்டால் 12 அடி போதும், ஆனால் கரை அதற்கேற்ப உயர வேண்டும். கலங்கலில் பெருவெள்ளம் ஓடும்போதும் அதற்கு மேல் இரண்டு அடியாவது கரை நிற்கட்டும். கலங்கலைக் கொட்டிய மண்ணில் வைக்காதீர்கள். நம் ஏரிகளில் பாருங்கள், கரை முடிகிற இடத்தில் பாறையோ கெட்டித் தரையோ பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். தெற்கே மறுகால் என்பதும் இதைத்தான்.

இன்னொன்று. கொட்டிய மண் உட்காரும். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துக் கரையின் தலை முழுக்க ஒருமுறை மட்டம் பாருங்கள். அரை அடி தாழ்ந்த ஓர் இடம் இருந்தால், வெள்ளத்துக்கு அதுதான் கலங்கல்.

அணையில் கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறோம். மழையில் மீன் தப்பாமல் இருக்கக் கலங்கலில் கம்பி வலை கட்டலாமா? (தளி)

1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் நகரம் அழிந்தது. 2,209 பேர் மாண்டார்கள். அதற்கு மேலே இருந்து உடைந்த சவுத் ஃபோர்க் அணை, பணக்காரர்கள் மீன்பிடிக்கவும் வேட்டைக்கும் நடத்திய ஒரு கிளப்புக்குச் சொந்தம். மீன் தப்பாமல் இருக்க அவர்களும் கலங்கலில் இரும்புச் சல்லடை வைத்திருந்தார்கள். குப்பையும் மரக்கிளையும் அதில் அடைத்துக்கொண்டன. வண்டி போகக் கரையின் தலையையும் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் இருந்த வடிகுழாய்களை முன்பே யாரோ கழற்றி விற்றாயிற்று. மழை வந்தபோது தண்ணீருக்கு வேறு வழி இல்லை.

மீன் போனால் போகட்டும்.

தூர்வார வேண்டும். மோட்டார் வைத்து இரண்டே நாளில் இறைத்துவிடலாமா? (கொல்லிமலை)

அவசரம் இல்லையென்றால் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் இறக்காதீர்கள். உள்சரிவு தண்ணீரைக் குடித்துக் கனத்திருக்கிறது; தாங்கி நின்ற தண்ணீர் திடீரென்று விலகினால் சரிவு வழுக்கி உள்ளே விழும். உடைப்பு கண்முன் தெரிந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

கரைமேல் வேப்பமரங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நண்டு வளையும் உண்டு. பிரச்சினையா? (கடவூர்)

மரம் செத்தால் வேர் மக்கி, கரைக்குள் குழாய் போட்டது போலாகிவிடும். கன்றாக இருக்கும்போதே எடுங்கள். பெருமரமானால், நீர்மட்டம் இறங்கிய கோடையில் வேரோடு தோண்டி, குழியை அரையடிக்கு ஒரு அடுக்காக மண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். அருகம்புல்லும் வெட்டிவேரும் இருக்கட்டும்.

நண்டைப் பற்றி: 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்தபோது, நண்டுதான் காரணம் என்று ஓர் அமைச்சரே சொன்னார். நாடு சிரித்தது. கரை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே முறையிட்டிருந்தார்கள். வளையைக் கண்டால் தோண்டிக் களிமண் போட்டு இடியுங்கள். அதற்குக் கரைமேல் நடக்க வேண்டும்.

என் பட்டா, என் செலவு, என் அணை. உடைந்தால் கீழே உள்ளவர்கள் என்னைக் கேட்க முடியுமா? (ஏற்காடு)

முடியும். 1868-லேயே இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் – ஃபிளெட்சர் வழக்கில் தீர்ப்பாயிற்று: சொந்த உபயோகத்துக்குத் தண்ணீரைத் தேக்கியவர், அது தப்பிப் போய்ச் செய்த சேதத்துக்குப் பொறுப்பு. நம் பக்கத்தில் கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமானபோது, மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அதே வாதத்தைத் தூக்கிக்கொண்டு போனது. 1874-இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. காலங்காலமாக ஊருக்காக இருக்கும் ஏரி, அதைப் பராமரிப்பது ஜமீனின் கடமை, கவனக்குறைவு இல்லாதவரை குற்றமில்லை என்றது. நீங்கள் போனவருஷம் கட்டிய கரைக்கு அந்த நிழல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். உங்கள் அணை 10 மீட்டருக்குக் குறைவு என்றால் அதில் வராது. அதனால் ஆபத்தும் வராது என்று ஆகாது. நடுவே ஓடும் ஓடை பட்டாவில் இருக்கிறதா, புறம்போக்கா என்று கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டையும் பாருங்கள்.

சின்ன அணைதான், இரண்டு ஏக்கர். கீழே ஆறு வீடு. சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா? (தாண்டிக்குடி)

இரண்டு ஏக்கர், சராசரி ஆறடி ஆழம் என்றால் ஏறக்குறைய ஒரு கோடியே 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 1,200-க்கும் மேல். அத்தனையும் ஒரே நேரத்தில் அந்த ஆறு வீட்டு வாசலுக்கு வரும்.

2018 மே 9 இரவு, கென்யாவில் சோலாய் என்ற ஊரில் ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் சொல்லுங்கள், இந்த வாரமே. ஆறு வீட்டின் போன் நம்பரும் உங்களிடமும் காவல்காரரிடமும் இருக்கட்டும். சிக்னல் இல்லாத வீட்டுக்கு யார் ஓடுவது, எந்த மேட்டுக்கு ஏறுவது என்று பேசி வையுங்கள். பெருமழை இரவில் டார்ச்சோடு ஓர் ஆள் கரைக்குப் போகட்டும். கரைமேல் நடக்காமல் ஓரத்து மேட்டில் நின்று பார்த்தால் போதும்.